மேல்காற்றில் சைக்கிளுக்குச் சார்ஜ்: 2.4 மீட்டர் காத்தாடி செய்முறைக் குறிப்புகள்

வைகாசியில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று பிடித்துவிட்டால் நெல்லை மாவட்டத்தின் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் புரட்டாசி வரை காற்றுக்குப் பஞ்சமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பிதுங்கி வரும் காற்று, மகேந்திரகிரி அடிவாரம் தாண்டி கிழக்கே கடல்வரை ஒரே திசையில் ஓடுகிறது. நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986இல் தூத்துக்குடிப் பக்கம் வந்ததற்கும், காற்றாலைகளைச் சோதிக்கும் நிலையம் கயத்தாற்றில் இருப்பதற்கும் மேல்காற்றுதான் காரணம். பெரிய ஆலைகள் மெகாவாட் கணக்கில் எடுப்பதை எடுக்கட்டும். ஒரு தோட்டத்து மூலையில், உள்ளூர்ப் பட்டறைகளை மட்டும் நம்பி, இரண்டு மின்சைக்கிளுக்கும் வீட்டு விளக்குகளுக்கும் வேண்டிய மின்சாரத்தை எடுக்க முடியும். இங்கே எழுதியிருப்பது அப்படி ஒரு காத்தாடியின் அளவுகள்.

அடிப்படை வடிவம் ஸ்காட்லாந்தின் ஸ்கோரைக்கில் ஹியூ பிகாட் செய்து உலகம் முழுக்கப் பரவிய வகை: மரத்தில் செதுக்கிய மூன்று இறகு, சுழலும் இரண்டு காந்தத் தட்டுக்கு நடுவே செம்புக் காயில்களை ரெசினில் வார்த்த, சுழலாமல் நிற்கும் ஸ்டேட்டர், பலத்த காற்றில் தலையைத் திருப்பிவிடும் வால். ஆனால் இந்த ஊர்க் காற்றின் குணம் வேறு. விட்டு விட்டு வீசும் ஊரில் ஸ்டேட்டர் சூடாகும், பிறகு ஆறும். இங்கே ஆனி, ஆடியில் அதற்கு ஆற நேரமே கிடையாது. அதனால் அதிகபட்ச வாட்டைத் துரத்தாமல், சூட்டை எங்கே வெளியேற்றுவது என்பதை வைத்தே காயில், ஒயர், கேபிள் எல்லாவற்றையும் முடிவு செய்திருக்கிறது.

எவ்வளவு கிடைக்கும்?

2.4 மீட்டர் விட்டம் என்றால் 4.5 சதுர மீட்டர் பரப்பு. நம் வெப்பத்தில் காற்றின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 1.15 கிலோ என்று வைத்தால், விநாடிக்கு 5 மீட்டர் காற்றில் அந்த வட்டத்துக்குள் போகும் ஆற்றல் 325 வாட், 10 மீட்டரில் 2600 வாட். வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. இதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இறகாலும் எடுக்க முடியாது என்பது பெட்ஸ் வரம்பு. கையால் செதுக்கிய இறகு 30 முதல் 35 சதவீதம் எடுக்கும், ஜெனரேட்டரும் கேபிளும் தம் பங்கைத் தின்னும். கடைசியில் பேட்டரிக்கு வருவது 5 மீட்டர் காற்றில் சுமார் 80 வாட், 8 மீட்டரில் 280, 10 மீட்டரில் 470. காற்று 8 மீட்டரில் நாள் முழுக்க நின்று வீசினால் 6 யூனிட்டுக்கு மேல். ஒரு சைக்கிள் பேட்டரிக்கு வேண்டியது 0.6 யூனிட்தான்.

டிரம்மை இரண்டாக வெட்டிச் செய்யும் செங்குத்துக் காத்தாடியைப் பலர் விரும்புகிறார்கள். செய்வது எளிது என்பது உண்மை. ஆனால் அதே பரப்பில் பாதி ஆற்றல்கூட வராது, சுற்று வேகமும் குறைவு என்பதால் ஜெனரேட்டரில் காந்தமும் செம்பும் பல மடங்கு போட வேண்டியிருக்கும். காந்தம் மட்டுமே வைத்துத் தானாக ஓடும் மோட்டார் என்று சுற்றிவரும் வீடியோக்களை நம்பிக் காந்தம் வாங்க வேண்டாம். காந்தம் ஆற்றல் தருவதில்லை. இறகு தரும் ஆற்றலைச் செம்புக்கு மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவே.

காந்தத் தட்டுகள்

8 மி.மீ. இரும்புத் தகட்டில் 320 மி.மீ. விட்டத்துக்கு இரண்டு தட்டு, லேத்தில் கடைந்து எடுக்க வேண்டும். கேஸ் கட்டிங்கோடு விட்டால் தட்டு நெளிந்திருக்கும், இடைவெளி ஒரு பக்கம் அதிகம் ஒரு பக்கம் குறைவு என்று ஆகும். ஒவ்வொரு தட்டிலும் 50 × 25 × 10 மி.மீ. நியோடைமியம் காந்தம் 12, என்-42 தரம், நிக்கல் பூச்சோடு. காந்தத்தின் மையம் 130 மி.மீ. ஆரத்தில் அமரும், நீளப் பக்கம் ஆரத்தின் திசையில். வடக்கு, தெற்கு மாறி மாறி. 30 பாகைக்கு ஒன்றாக வெட்டிய பிளைவுட் சட்டத்தைத் தட்டில் வைத்து அதன் குழிகளில் காந்தத்தை இறக்கினால் இடம் தவறாது. சட்டம் இல்லாமல் வைத்தால் பக்கத்துக் காந்தம் விரலோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

இரண்டு தட்டும் எதிரெதிரே நிற்கும்போது வடக்குக்கு எதிரே தெற்கு வர வேண்டும். வடக்குக்கு எதிரே வடக்கு வந்தால் நடுவில் காந்தப் புலம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காத்தாடி சுற்றும், மின்சாரம் வராது. முதல் காந்தத்துக்கு நேரே இரண்டு தட்டின் விளிம்பிலும் அரத்தால் ஒரு வெட்டு போட்டு வைத்தால் பின்னாளில் கழற்றி மாட்டும்போதும் குழப்பம் இல்லை.

கடைசி இடைவெளியில் இரண்டு தட்டும் இழுத்துக்கொள்ளும் விசை 200 கிலோவுக்கு மேல். கையால் பிடித்து இறக்கவே கூடாது. வெளித் தட்டில் மூன்று 10 மி.மீ. மரை ஓட்டை போட்டு, மூன்று திரெட் ராடில் தட்டை நிறுத்தி, ஒவ்வொரு ராடையும் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்தி இறக்க வேண்டும். கழற்றுவதும் இதே ராடால்தான். இரும்புத் தூள் பறக்கும் வெல்டிங் பட்டறையில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. காந்தத்தில் ஒட்டிய தூள் ஸ்டேட்டரை உரசி எனாமலைச் சுரண்டிவிடும்.

அச்சுக்குப் பழைய கார் உதிரிபாகக் கடையில் சிறு காரின் பின்சக்கர ஹப், ஸ்டப் ஆக்ஸிலோடு கிடைக்கும். பேரிங்கை மாற்றிப் புது கிரீஸ் வைத்தால் பல வருஷம் ஓடும். போல்ட் வட்டம் காருக்குக் கார் மாறும் என்பதால் ஹப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் தட்டில் ஓட்டை போட வேண்டும்.

காயில் சுற்றுதல்

ஒன்பது காயில். ஒவ்வொன்றும் 17 கேஜ் எனாமல் செம்புக் கம்பி இரண்டு இழை சேர்த்து 50 சுற்று. நடு ஓட்டை 50 × 25 மி.மீ., கனம் 13 மி.மீ., ஓட்டையைச் சுற்றிய கம்பிக் கட்டின் அகலம் 22 மி.மீ.க்குள். ஒரு காயிலுக்கு ஒவ்வோர் இழையும் சுமார் 11 மீட்டர். மொத்தம் 2.8 கிலோ செம்பு, சேதாரத்தோடு 3.2 கிலோ வாங்கினால் போதும். மோட்டார் ரீவைண்டிங் கடையில் எடை போட்டுத் தருவார்கள்.

ஒற்றைத் தடிமன் கம்பிக்குப் பதில் இரட்டை இழை எதற்கு என்றால், தடித்த கம்பி மூலையில் மடங்காமல் வயிறு தள்ளும். காயில் 13 மி.மீ.க்குப் பதில் 16 ஆகும். அந்த 3 மி.மீ.க்காகத் தட்டுகளை விலக்கினால் காந்தப் புலம் குறையும். சுற்றும்போது கம்பியை இடது கையில் துணியால் பிடித்து ஒரே இழுப்பில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் நீளப் பக்கத்தை மரக்கட்டையால் மெல்லத் தட்டி உட்கார வைக்க வேண்டும், சுத்தியல் நேராகப் படக் கூடாது. இரண்டு இழையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே போனால் 50 சுற்று சரியாக 13 மி.மீ.க்குள் அடங்கும். ஏறிவிட்டால் அந்த அடுக்கை அவிழ்த்துத் திரும்பச் சுற்றுவதைத் தவிர வழியில்லை.

1, 4, 7 காயில்கள் தொடராக இணைந்து ஒரு பேஸ். 2, 5, 8 ஒன்று. 3, 6, 9 ஒன்று. எல்லாக் காயிலும் ஒரே திசையில் சுற்றி, ஒன்றின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு சேர்க்க வேண்டும். எனாமலை உப்புத்தாளால் செம்பு தெரியும்வரை சுரண்டி ஈயம் வைப்பது முக்கியம். பாதி சுரண்டிய இணைப்புதான் பின்னாளில் ரெசினுக்குள் கருகும். மூன்று பேஸின் ஒரு பக்க முனைகளை ஒன்றாகச் சேர்க்கும் ஸ்டார் முடிச்சை உள்ளே புதைக்காமல் ஆறு முனையையும் வெளியே எடுத்து போல்ட்டில் கட்டினால் பழுது பார்ப்பது எளிது.

வார்க்கும் முன்பு சோதனை. ஸ்டாரில் சேராத மூன்று முனைகள்தான் லைன். இரண்டு லைனுக்கு இடையே மின்தடை 0.36 ஓம்தான். மல்டிமீட்டர் ஒயரின் தடையே அதில் பாதி வரும், அதனால் ஓம் அளவையில் பார்த்துப் பயனில்லை. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு பல்பு வழியாக 5 ஆம்பியர் செலுத்தி, காயில் முனையில் வோல்ட்டைப் பாருங்கள். 1.8 வோல்ட் வர வேண்டும். மூன்று ஜோடியும் ஒன்றுபோல வந்தால் சரி. ஒன்று மட்டும் குறைந்தால் அந்தப் பேஸில் சுற்று எண்ணிக்கை குறைவு, அல்லது எனாமல் உரிந்து ஷார்ட்.

ஸ்டேட்டர் வார்ப்பு

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி என்று கடற்கரை ஊர்களில் ஃபைபர் வள்ளம் பழுது பார்ப்பவர்களிடம் ரெசின், கண்ணாடி இழை மேட், ஹார்டனர் எல்லாம் இருக்கும். சாதாரண பாலியெஸ்டரைவிட வினைல் எஸ்டர் ரெசின் சூட்டைத் தாங்கும், கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஸ்டேட்டருக்கும் இரண்டு காந்தத் தட்டுக்கும் சேர்த்து 2 கிலோ ரெசின், 1 கிலோ டால்க் பவுடர். டால்க் செலவைக் குறைக்க மட்டும் அல்ல. ரெசின் இறுகும்போது வரும் சூட்டைக் குறைத்து, விரிசல் விடாமல் காக்கிறது, காயிலின் சூட்டையும் வெளியே கடத்துகிறது.

அச்சு: 14 மி.மீ. கனத்துக்கு பிளைவுட். வெளி விட்டம் 400, நடு ஓட்டை 150. மெழுகு மூன்று பூச்சு. அடியில் ஒரு மேட், மேலே ஒரு மேட். ஹார்டனர் பாட்டிலில் 2 சதவீதம் என்று போட்டிருந்தாலும் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது பத்து நிமிஷத்தில் கட்டியாகிவிடும். 1 சதவீதம் போதும், அதுவும் காலை ஏழு மணிக்கு முன்னால். ஒரு எச்சரிக்கை: ரெசின் இறுகுவதைத் தூண்டும் கோபால்ட் ஆக்சிலரேட்டரும் எம்.இ.கே.பி. ஹார்டனரும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிவிட்டு, பிறகுதான் ஹார்டனர். கண்ணாடி, கையுறை இல்லாமல் ஹார்டனர் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

ரெசினை ஊற்றும்போது காயிலின் நடு ஓட்டையிலிருந்து ஊற்றினால் காற்றுக் குமிழ் விளிம்பு வழியாக வெளியேறும். மேலிருந்து பரப்பி ஊற்றினால் குமிழ் செம்புக்குள் சிக்கும். சிக்கிய இடத்தில் சூடு கடக்காது, முதலில் கருகுவது அந்த இடம்தான். மூடியை இறுக்கும் முன் அச்சின் அடியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தால் குமிழ் மேலே வரும். ஏதேனும் ஒரு காயிலை ஒட்டி சூட்டை அளக்கும் 10 கே (10,000 ஓம்) தெர்மிஸ்டர் ஒன்றைப் புதைத்து ஒயரை வெளியே விடுங்கள். கீழே நின்றே ஸ்டேட்டர் சூட்டைப் பார்க்க அது ஒன்றுதான் வழி. 80 பாகையைத் தாண்டினால் காத்தாடியைத் திருப்பிவிட வேண்டிய நேரம். என்-42 காந்தத்துக்கும் அதுவே எல்லை.

பூட்டியபின் இரு பக்கமும் 1.5 மி.மீ. இடைவெளி. கையால் நொடிக்கு ஒரு சுற்று சுற்றினால், ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபையருக்குப் பின்னால் டி.சி. 5.5 வோல்ட் அளவில் வர வேண்டும். எந்த வேகத்திலும் ரெக்டிஃபையர் தின்னும் 1.4 வோல்ட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், நிமிடத்துக்கு 220 சுற்றில் 24 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஏறத் தொடங்கும். அது ஏறக்குறைய 3.2 மீட்டர் காற்று.

இறகு

நார் நேராக ஓடும், எடை குறைந்த மரம் வேண்டும். மலைவேம்பு நன்றாக அமைகிறது. தேக்கு நிற்கும், ஆனால் கனம். நாட்டு வேம்பு முறுக்கிக்கொள்ளும். முடிச்சு இல்லாத, நன்கு காய்ந்த 1200 × 150 × 50 மி.மீ. பலகை மூன்று, கூடுமானால் ஒரே மரத்திலிருந்து.

மையத்திலிருந்து 300 மி.மீ. தூரத்தில் அகலம் 150, சரிவு 46 மி.மீ.; 600இல் அகலம் 120, சரிவு 16; 900இல் அகலம் 85, சரிவு 6; நுனியில் அகலம் 65, சரிவு 2. கனம் 600இல் 15, 900இல் 11, நுனியில் 8. சரிவு என்பது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு எத்தனை மி.மீ. பின்வாங்குகிறது என்பது. ஆசாரியிடம் பாகைக் கணக்கு சொல்வதைவிட இந்த மி.மீ. கணக்கைச் சொன்னால் பென்சில் கோடு போட்டு உளியை எடுத்துவிடுவார். காற்றைப் பார்க்கும் முகம் தட்டை, பின்முகம் வளைவு. அதிகக் கனம் முன்விளிம்பிலிருந்து அகலத்தின் மூன்றில் ஒரு பங்கில். பின்விளிம்பு 1 மி.மீ.க்கும் கீழே மெலிய வேண்டும். அது மொத்தையாக இருந்தால் இறகு ஊளையிடும், சத்தம் போன அளவுக்கு வாட்டும் போகும்.

மூன்று இறகையும் இரண்டு 12 மி.மீ. மரைன் பிளைவுட் வட்டத்துக்கு நடுவே திருகி, நடு ஓட்டையைக் கூர்முனையில் நிறுத்திச் சமன் பார்க்க வேண்டும். இறங்கும் பக்கத்துக்கு எதிரே ஈயத் தகடு. காற்றில்லாத அறையில்தான் இது சரிப்படும். 10 மீட்டர் காற்றில் 385 சுற்று ஓடும்போது 1.3 கிலோ இறகு ஒன்று 90 கிலோ விசையில் வெளியே இழுக்கிறது. சுமை அறுந்து 600 சுற்றுக்கு ஏறினால் 220 கிலோ. திருகு எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

திசையன்விளை, குட்டம், உவரி பக்கம் தேரி எனும் செம்மணல் மேடுகளின் மணல் காற்றோடு வரும். பெயின்ட் மட்டும் அடித்த முன்விளிம்பு ஒரே காற்றுக் காலத்தில் உப்புத்தாள் தேய்த்ததுபோல் வெளிறி, மரத்தின் நார் எழும்பிவிடும். நுனியிலிருந்து 500 மி.மீ.க்கு மெல்லிய ஃபைபர் மேட்டை எபாக்சியில் ஒட்டி, அதன்மேல் பாலியூரித்தேன் டேப். டேப் கிழிந்தால் மாற்றலாம், மரம் போனால் மறுபடி செதுக்க வேண்டியதுதான்.

வாலும் தலையும்

தலை திரும்பும் அச்சிலிருந்து இறகின் மையம் 100 மி.மீ. பக்கவாட்டில் விலகி நிற்கிறது. வாலின் கீல் செங்குத்திலிருந்து 20 பாகை சாய்வு. வால்குழாய் 1.2 மீட்டர், பலகை 750 × 400 மி.மீ., 9 மி.மீ. பிளைவுட். காற்று ஏறும்போது கீழே நின்று பார்த்தால் இதன் வேலை தெளிவாகத் தெரியும். வால் காற்றின் திசையை விடாது. தலை மட்டும் மெல்ல ஒரு பக்கம் ஒதுங்கும். ஒதுங்க ஒதுங்கச் சாய்ந்த கீலில் வால் மேலே எழும். இறகின் இரைச்சல் ஒரு படி இறங்கும். காற்று தணிந்ததும் வால் தன் எடையிலேயே கீழிறங்கித் தலையைக் காற்றுக்கு நேராக்கும். ஸ்பிரிங் இல்லை, மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. பெரிய ஆலைகளில் கணினியும் ஹைட்ராலிக்கும் செய்யும் காரியத்தை ஒரு சாய்ந்த கீல் செய்துமுடிக்கிறது.

எந்தக் காற்றில் ஒதுங்க வேண்டும் என்பதை வாலின் எடைதான் முடிவு செய்கிறது. 11 மீட்டருக்கு முன்பே ஒதுங்கினால் வால் பலகையில் சிறிது எடை கூட்டுங்கள். ஒதுங்காமல் 25 ஆம்பியரைத் தாண்டினால் எடையைக் குறையுங்கள். நம் பகுதிக்குக் கொஞ்சம் சீக்கிரமே ஒதுங்கும்படி வைப்பது நல்லது. இழக்கும் வாட்டைப் பெருகிக் கிடக்கும் மணி நேரங்கள் ஈடுகட்டிவிடும். வால் முழுக்க மேலே போனாலும் இறகைத் தொடாதபடி ஒரு தடைக்கம்பி கட்டாயம்.

கோபுரம்

65 மி.மீ. ஜி.ஐ. குழாய், மீடியம் வகை, 6 மீட்டர் நீளம் இரண்டு. 5.5, 10.3 மீட்டர் உயரங்களில் நான்கு பக்கமும் ஸ்டே கம்பி. ஆங்கர் அடியிலிருந்து 6 மீட்டர் தள்ளி. செம்மண்ணில் 60 செ.மீ. கனசதுரக் கான்கிரீட், ஒவ்வொன்றும் அரை டன். பணகுடிப் பக்கம் அடியில் பாறை தட்டினால் டிரில் போட்டு ஆங்கர் போல்ட் இறக்கலாம். தேரி மணலில் கான்கிரீட்டை ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு இறக்க வேண்டும், மணல் காற்றில் நகர்ந்து மேலே மூடியிருப்பது போய்விடும்.

தென்னந்தோப்புக்குள் 12 மீட்டர் போதாது. மேற்கே 100 மீட்டருக்குத் தடையில்லாத வயல் வரப்பு, அல்லது மேட்டாங்காடு வேண்டும். ஒற்றைப் பனை நேர் மேற்கே நின்றால்கூட அதன் நிழலில் காற்று சுழலும், தலை ஓயாமல் ஆடும்.

தூக்க 6 மீட்டர் துணைக்கம்பமும் 1 டன் கை வின்ச்சும். முதல் இழுப்பில் கயிற்றில் வரும் விசை 240 கிலோ அளவு. டிராக்டர் கட்டி இழுப்பது வேகமாக முடியும், ஆனால் எந்தக் கம்பி எங்கே மாட்டியிருக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. வின்ச்சில் கை அழுத்தமே சொல்லிவிடும். கோபுரம் ஏறும்போது, அது சரிந்தால் விழக்கூடிய இடத்தில் யாரும் நிற்கக் கூடாது. குழாயையும் நான்கு ஆங்கரையும் எர்த் செய்துவிடுங்கள், ஐப்பசி இடி இந்தப் பக்கம் லேசுப்பட்டது அல்ல.

கேபிளும் பேட்டரியும்

கோபுரத்திலிருந்து கொட்டகைவரை மொத்தம் 40 மீட்டர். சாதாரண வயரிங் அறிவு 10 சதுர மி.மீ. கேபிள் போடு என்று சொல்லும். இங்கே 4 சதுர மி.மீ. போட்டிருப்பது வேண்டுமென்றே. 24 வோல்ட் பேட்டரி ஜெனரேட்டரின் வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. சர்க்யூட்டில் தடையே இல்லையென்றால் காற்று கூடும்போது இறகு வேகம் ஏற முடியாமல் திணறும், காற்று இறகை விட்டு நழுவிப் போகும். கொஞ்சம் தடை இருந்தால்தான் 10 மீட்டர் காற்றில் 385 சுற்றுக்கு ஏறும். அந்தத் தடையை ஸ்டேட்டருக்குள் மெல்லிய கம்பியாக வைத்தால் சூடு ரெசினுக்குள் அடைபடும். கேபிளில் வைத்தால் 40 மீட்டர் நீளத்தில் பரவி ஆறிவிடும். 18 ஆம்பியர் டி.சி.யில் கேபிளில் போவது 110 வாட், ஸ்டேட்டரில் தங்குவது 120 முதல் 150. தடித்த செம்பை ஸ்டேட்டருக்கும் மெல்லிய செம்பைக் கேபிளுக்கும் கொடுத்ததற்கு இதுவே காரணம். கேபிளை வைக்கோல், ஓலைக் கூரை ஓரம் சுருட்டிப் போடாதீர்கள், சுருளாகக் கிடந்தால் சூடு பரவாது.

தலை திரும்பினாலும் கேபிள் முறுக்காமல் காக்கும் ஸ்லிப் ரிங் கிடையாது. குழாய்க்குள் கேபிள் தொங்குகிறது. மேல்காற்றில் தலை ஒரே திசையில் நிற்பதால் முறுக்கு ஏறுவதில்லை. வாடைக்கு மாறும் ஐப்பசியில் மட்டும் அடியில் பிளக்கைக் கழற்றி முறுக்கைப் பிரித்துவிட்டால் போதும்.

ரெக்டிஃபையர்: 3 பேஸ் பிரிட்ஜ், 50 ஆம்பியர், பெரிய அலுமினிய ஹீட் சிங்க்கில். அதற்கு முன்னால் மூன்று லைனையும் ஷார்ட் செய்யும் பிரேக் ஸ்விட்ச். பலத்த காற்றில் முழு வேகத்தில் ஓடும்போது இந்த ஸ்விட்ச்சைப் போடக் கூடாது. இறகு நிற்காமலே ஓடி ஸ்டேட்டர் நிமிஷங்களில் கருகும். காற்று சற்று தணியும் இடைவெளிக்குக் காத்திருந்து போட்டால் அடங்கிவிடும்.

பேட்டரி வங்கிக்கு 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி ஈய-அமில டியூபுலர் இரண்டு, தொடராக. லித்தியம் எடை குறைவு, ஆயுள் அதிகம் என்பதெல்லாம் சரி. ஆனால் லித்தியம் பேக்கைக் காக்கும் பி.எம்.எஸ். என்ற மின்னணுப் பலகை, பேக் நிறைந்ததும் சட்டென்று துண்டித்துவிடும். சூரியத் தகட்டைத் துண்டித்தால் அது சும்மா நிற்கும். காத்தாடியைத் துண்டித்தால் சுமை போய் இறகு வெறிபிடித்து ஓடும், ரெக்டிஃபையரில் வோல்ட் 100ஐ எட்டும், அந்த நேரத்தில் மின்னணு எதுவும் பிழைக்காது. டியூபுலர் பேட்டரி துண்டிக்காது, கொஞ்சம் நீரை வாயுவாக வெளியே விட்டுத் தாங்கிக்கொள்ளும். கொட்டகைக்குக் காற்றோட்டம் வேண்டும், ஹைட்ரஜன் வரும்.

மிஞ்சும் மின்சாரத்துக்கு வடிகால் சுமை. 1000 வாட் மின் அடுப்புக் காயில் இரண்டு வாங்கி, ஒவ்வொன்றையும் ஆறு சம துண்டாக வெட்டினால் ஒரு துண்டு 8.8 ஓம். 28.8 வோல்ட்டில் 3.3 ஆம்பியர், 94 வாட். அடுப்பில் அந்தக் கம்பி 4.3 ஆம்பியர் தாங்கியது என்பதால் இங்கே சிவக்காமல் ஓடும். பத்துத் துண்டை இணையாகப் பீங்கான் கட்டையில் கட்டி வலைப்பெட்டிக்குள் வைத்தால் 940 வாட். ஐந்து ஐந்தாக இரண்டு தொகுதி, தனித்தனி வோல்டேஜ் ரிலே: முதலாவது 28.4 வோல்ட்டில், இரண்டாவது 29.2இல் தன் தொகுதியை இணைக்கும். ஒன்று பழுதானாலும் மற்றது பாதியையாவது பிடிக்கும். பேட்டரிக்கு 40 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள், ஆனால் வடிகால் இணைப்பு ஃபியூஸுக்கு ரெக்டிஃபையர் பக்கம் இருக்கட்டும், ரிலேயும் அங்கிருந்தே வோல்ட்டைப் பார்க்கட்டும். ஃபியூஸ் போனாலும் வோல்ட் ஏறியதும் காத்தாடிக்குச் சுமை கிடைத்துவிடும்.

சைக்கிள்

மோட்டார் 24 வோல்ட் 250 வாட். 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்ட மின்சைக்கிளுக்குப் பதிவும் உரிமமும் தேவையில்லை என்பதால் அதைத் தாண்ட வேண்டாம். பேக்: 32700 வகை லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல், 6 ஆம்பியர்-மணி, 8 தொடர் 4 இணை, மொத்தம் 32 செல். 25.6 வோல்ட், 24 ஆம்பியர்-மணி, 614 வாட்-மணி, எடை 5 கிலோவுக்குள். மிதிக்காமல் ஓட்டினால் கி.மீ.க்கு 12 முதல் 15 வாட்-மணி, மிதித்தால் 8 முதல் 10. எதிர்க்காற்றில் மேற்கே போகும்போது இந்தக் கணக்கு இரட்டிக்கும். அதனால் காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே என்று வேலை அமைந்தவர்களுக்குப் பேக் நிறைந்த நிலையில் எதிர்க்காற்று கிடைக்கிறது.

வங்கியும் பேக்கும் இரண்டும் 24 வோல்ட்தானே என்று நேரடியாக இணைக்கக் கூடாது. வோல்ட் வித்தியாசம் சிறிதாக இருந்தாலும் நூறு ஆம்பியர் பாயும். வோல்ட்டை ஏற்ற மட்டும் தெரிந்த பூஸ்ட் கன்வெர்ட்டரும் ஆகாது: வங்கி 28.8க்கு ஏறி, பேக் 25இல் இருந்தால் பூஸ்டின் டயோடு வழியே கட்டுப்பாடின்றிப் பாயும். வோல்ட்டை ஏற்றவும் இறக்கவும் செய்யும் பக்-பூஸ்ட் வகை, கரண்ட் வரம்போடு, 28.4 வோல்ட், 6 ஆம்பியர் என்று வைத்தால் காலியான பேக் நான்கு மணி நேரத்தில் நிறையும். 29.2 வரை ஏற்றலாம் என்றாலும் 28.4இல் நிறுத்தினால் செல்லுக்கு 3.55 வோல்ட். கிடைக்கும் தூரத்தில் வித்தியாசம் தெரியாது, செல்லின் ஆயுள் கூடும்.

ஐப்பசி, கார்த்திகையில் காற்று ஓய்ந்துவிடும். அந்த மாதங்களுக்கு 330 வாட் சூரியத் தகடு ஒன்றும் தகட்டிலிருந்து அதிகபட்ச வாட்டை எடுத்துத் தரும் 24 வோல்ட் எம்.பி.பி.டி. கண்ட்ரோலரும் அதே வங்கியில் சேர்ந்தால் சைக்கிள் நிற்காது. கோபுரத்தை இறக்க வேண்டியதும் அப்போதுதான்: ஸ்டே கம்பியின் கிளாம்ப்பை இறுக்கி, ஹப்பில் கிரீஸ் மாற்றி, தட்டுகளின் இடைவெளியில் 1 மி.மீ. பிளாஸ்டிக் அட்டையைச் சுற்றிலும் ஓட்டிப் பார்த்து, முன்விளிம்பு டேப்பைப் புதிதாக ஒட்டி, மாசிக்குள் மறுபடி ஏற்றிவிட வேண்டும்.